முன்னும் பின்னும்

என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் காடாம்புலியூர். பண்ருட்டியில் வடலூர் பஸ் ஏறி உட்கார்ந்தால், பலாப்பழ மண்டிகளின் வாசனை மறைந்து, செம்மண்ணும் முந்திரித் தோப்பும் கண்ணில் பட ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். அத்தானுக்கு அங்கே கொஞ்சம் தோப்பும், வீட்டுக்குப் பின்னால் கொட்டை உடைக்கிற கொட்டகை ஒன்றும் உண்டு. 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது தோப்பில் பாதி மரம் வேரோடு சாய்ந்தது. மறுபடி நட்டு, மறுபடி காய்த்து, இப்போது புயல் அடித்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எழுதவேண்டிய தொடர்கதை நகராமல் சண்டித்தனம் செய்யும்போதெல்லாம் நான் போய் ஒதுங்குகிற இடம் அந்த வீடுதான்.

சென்ற வருஷம் அப்படி ஒதுங்கியபோது கதை ஒரு வரிகூட எழுதவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்து, மூன்று பத்தியாகப் பிரித்து, வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தை நம்பிப் பிழைக்கிற எனக்கு, ஒரு வாக்கியம் எழுதுவது எத்தனை கஷ்டம் என்று அந்த நோட்டுத்தான் சொல்லிக்கொடுத்தது.

அக்காவின் மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. நல்ல களையான குழந்தை. பேச்சு மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். கொட்டகையிலிருந்து முந்திரிக்கொட்டைகளை அள்ளி வந்து திண்ணையில் ஒரே வரிசையாக அடுக்குவான்; நாம் அந்தப் பக்கம் போகும்போது ஒன்று இம்மி நகர்ந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். இதெல்லாம் போனால் போகிறது. தலையைத் தரையில் மோதிக்கொள்வான். அதுதான் தாங்க முடியாது. சிமெண்டுத் தரையில் 'ணங்' என்று அந்தச் சத்தம் கேட்டால், அடுக்களையில் இருக்கும் அக்கா கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள்.

டாக்டர்கள் ஆட்டிசம் என்று பெயர் சொல்லியிருந்தார்கள். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறார்கள்; அதில் இதுவும் ஒன்று. அடையாள அட்டை கொடுப்பார்கள் என்றார்கள். அட்டை வந்தது. தலை மோதுவது நிற்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு வைத்தியத்தில் பஞ்சமே கிடையாது. மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, இரண்டு கோயிலில் மொட்டை போட்டாயிற்று. "அஞ்சு வயசு வரைக்கும் பேசாத புள்ள பின்னால தாசில்தாரா வந்திருக்கு" என்று ஒரு கிழவி தினம் வந்து தைரியம் சொல்லிவிட்டு, ஒரு கிளாஸ் காப்பி குடித்துவிட்டுப் போவாள். எந்தத் தாசில்தார் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமைதோறும் அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். சிதம்பரத்தில் ஸைக்காலஜி படித்துவிட்டு, பிறகு இதற்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றவள். வடலூரில் பஸ் மாறி வருவாள். இருபத்தாறு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. முதல் நாள் வந்ததும் குழந்தையை மடியில் தூக்கிக் கொஞ்சவில்லை; அது அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வரிசையைக் கலைக்காமல், தானும் ஒரு வரிசை அடுக்கினாள். அரைமணி கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி: "காதை டாக்டர்கிட்டக் காட்டினீங்களா? பல்லு சொத்தை இருக்கா பாத்தீங்களா? வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத குழந்தை தலையைத்தான் மோதும்." அது சரிதான் என்று பட்டது. காட்டினோம். காதிலும் பல்லிலும் கோளாறு இல்லை. பிறகுதான் நோட்டுக்கு வந்தாள்.

"சார் கதை எழுதறவர்னு சொன்னாங்க. ஒரு வாரம் இதை நீங்களே எழுதிக் குடுங்களேன். முதல் பத்தியில, தலை மோதறதுக்கு முன்னாடி என்ன நடந்தது. நடுவுல, குழந்தை என்ன செய்தான். மூணாவதுல, அதுக்கப்புறம் என்ன நடந்தது. அவ்வளவுதான் சார்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே ஒன்று எழுதி, மறு சனிக்கிழமை வந்ததும் சற்றுப் பெருமையோடு நீட்டினேன். 'மாலை ஐந்தரை. கடைவாசல். குழந்தைக்குப் பிடிவாதம் வந்தது. பாட்டியின் மீது கோபம் கொண்டு தலையை மோதிக்கொண்டான். பாட்டி மனம் பொறுக்காமல் சமாதானப்படுத்தினாள்.'

அவள் பேனாவை எடுத்து 'பிடிவாதம்' என்பதை அடித்தாள். 'கோபம்' என்பதை அடித்தாள். 'மனம் பொறுக்காமல்', 'சமாதானம்' இரண்டும் போயின. இருபது வருஷமாக எழுதுகிறேன். என் பத்திரிகை ஆசிரியர்கூட இப்படி அடித்ததில்லை.

"கோபத்தை எங்க சார் பாத்தீங்க?"

"முகத்தில்தான்."

"முகத்துல என்ன பாத்தீங்க?"

யோசித்தேன். "பல்லைக் கடித்தான். மூச்சு வேகமாக வந்தது."

"அதை எழுதுங்க. பாட்டி என்ன செய்தாங்க?"

"கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள்."

"அதை எழுதாம விட்டுட்டீங்களே சார்!"

எனக்குச் சுருக்கென்றது. நான் விட்டுவிட்ட அந்த ஒன்றுதான் விஷயமே என்று பிறகு தெரிந்தது. மனிதர்களின் மனத்துக்குள் புகுந்து வருவதுதான் என் தொழில். 'அவள் நெஞ்சு விம்மியது' என்று நான் எழுதினால் வாசகர்கள் எந்த நெஞ்சு, எத்தனை அங்குலம் என்று கேட்பதில்லை. இந்த சாஸ்திரமோ உள்ளே நடப்பதை ஊகித்து எழுதாதே, கண்ணால் பார்த்ததை எழுது, வேறொருவர் வந்து பார்த்தாலும் அதையே எழுதும்படி எழுது என்கிறது. நடத்தை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணமே அதுதான்: எண்ணக்கூடியது, அளக்கக்கூடியது. ஒரு வேடிக்கையான சோதனையும் அவள் சொன்னாள். செத்த மனிதனால் செய்ய முடிகிற காரியம் நடத்தை ஆகாதாம். 'குழந்தை சும்மா இருக்கவேண்டும்' என்பதை ஒரு லட்சியமாக எழுதினால் அவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சும்மா இருப்பதைப் பிணமும் செய்யும். சும்மா இருப்பதே சுகம் என்று சொல்லிப்போன நம் சித்தர்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ!

ஆத்திரத்தோடு சென்னைக்குப் போன் போட்டுப் புஸ்தகங்கள் வரவழைத்துப் படித்தேன். தமிழில் ஆசிரியர் பயிற்சிப் புஸ்தகங்களில் இதற்கு 'ஆக்கநிலையிறுத்தம்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் குழந்தைகள் பயந்து ஓடும். விஷயம் அத்தனை பயங்கரமில்லை. மணி அடித்துச் சோறு போட்டுப் பழக்கிய நாய்க்கு மணிச்சத்தத்துக்கே எச்சில் ஊறிய கதையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது ருஷ்யாக்காரர் பாவ்லோவ் கண்டது. அது முன்னால் வருவதைப் பற்றியது. 1898இல் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைக் கூண்டில் அடைத்து, தாழ்ப்பாளைத் தட்டித் திறந்துகொண்டு வரக் கற்பதைப் பார்த்தார். எந்தக் காரியத்துக்குப் பின்னால் நல்லது கிடைக்கிறதோ அந்தக் காரியம் மறுபடி நடக்கும் என்றார். அது பின்னால் வருவதைப் பற்றியது. இந்தப் பின்னால் வருவதைப் பிடித்துக்கொண்டு, எலியையும் புறாவையும் வைத்து ஒரு முழு சாஸ்திரமாக எழுப்பியவர் ஸ்கின்னர். 1904இல் பிறந்து 1990இல் மறைந்தவர்.

ஸ்கின்னர் முதலில் ஆக நினைத்தது கதாசிரியர். கல்லூரி முடித்துவிட்டு, கதை எழுதுவதற்கென்றே ஒரு வருஷத்துக்குமேல் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டு ஸைக்காலஜிக்குப் போனாராம். ஆசை அற்றுப்போகவில்லை போலிருக்கிறது. 1948இல் ஒரு நாவலும் எழுதினார். சொல்ல ஒன்றுமில்லாமலேயே தொடர்ந்து எழுதுகிற சிலரை எனக்குத் தெரியும் என்பதால், அந்த மனிதரிடம் எனக்கு அன்றிலிருந்து ஒரு மரியாதை உண்டாகிவிட்டது.

மிருகங்களிடமிருந்து இது மனிதர்களிடம் வந்த கதையில் இரண்டு சம்பவங்கள் என்னை உலுக்கின. 1949இல் ஃபுல்லர் என்பவர், படுத்த படுக்கையாய்க் கிடந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு, வலது கையை அவன் கொஞ்சம் அசைத்தபோதெல்லாம் சர்க்கரை போட்ட இளஞ்சூட்டுப் பாலை வாயில் விட்டார். எதையும் கற்கமாட்டான் என்று கைவிடப்பட்ட பையன் கையை நன்றாகவே தூக்க ஆரம்பித்தான். 1964இல் வெளியான இன்னொன்று. மூன்றரை வயதுப் பிள்ளை. கண் புரைக்கு ஆபரேஷன் செய்து லென்ஸை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். பையனோ கண்ணாடியை முகத்துக்கே கொண்டுவர விடமாட்டான். வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் என்று மூவர். முதலில் வெறும் ஃப்ரேமை அறையில் அங்கங்கே போட்டுவைத்து, தொட்டால் ஒரு வாய் தின்பண்டம். கையில் எடுத்தால் ஒரு வாய். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் ஒரு வாய். இப்படிப் படிப்படியாகக் கொண்டுபோய், கடைசியில் பையன் நாள் முழுக்கக் கண்ணாடியோடு திரிந்தான். களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பானையாக்குவதுபோல் செய்வதால் இதற்கு உருக்கொடுத்தல் என்று பெயர். இந்த வுல்ஃபும் ரிஸ்லியும் பேயர் என்பவரோடு சேர்ந்து 1968இல், கான்ஸாஸ் சர்வகலாசாலையிலிருந்து, இந்த சாஸ்திரம் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் வைத்த நிபந்தனைகளில் முதலாவது: எடுத்துக்கொள்ளும் காரியம் சம்பந்தப்பட்ட மனிதனுக்கு முக்கியமானதாக இருக்கவேண்டும். இதைப் பிறகு சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

நோட்டுக்கு வருவோம். ஒரு வாரத்தில் தலை மோதியது 26 தடவை. அவள் அதை விரித்து வைத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, முதல் பத்தியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனாள். பதினொன்று காலையில். அதற்கு முன்னால் 'கொட்டகையில் வேலை ஆரம்பித்தது' என்று நானே எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, எனக்குப் புரியவில்லை. எட்டுப் பத்துப் பெண்கள் சேர்ந்து கட்டையால் கொட்டை உடைக்கிற சத்தம் இருக்கிறதே, எங்களுக்கெல்லாம் அது மழைச்சத்தம் மாதிரி பழகிப்போனது. அவன் காதுக்கு அது என்னவாய் இருந்ததோ! பின்னால் என்ன நடந்தது என்று பார்த்தால், ஒவ்வொரு தடவையும் யாராவது அவனைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் போயிருக்கிறோம். சாயங்காலம் பன்னிரண்டு. முன்னால், கடைவாசல்; பின்னால், பிஸ்கட். மிச்சம் மூன்றுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரே தலை, ஒரே தரை, ஒரே சத்தம். காலையில் அது 'என்னை இங்கிருந்து கொண்டுபோ' என்கிற வார்த்தை. மாலையில் அது 'எனக்கு வேண்டும்' என்கிற வார்த்தை. நான் இரண்டுக்கும் பிடிவாதம் என்று ஒரே பெயர் வைத்திருந்தேன்.

1982இல் ஐவாட்டா என்பவரும் கூட்டாளிகளும், இப்படித் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிற குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வந்த வேலைகளால், ஒரு நடத்தை எதற்காக என்பதை நான்கு வகைக்குள் அடக்குகிறார்கள். பிறர் கவனத்தைப் பெற, ஒரு பொருளைப் பெற, ஒன்றிலிருந்து தப்பிக்க, அல்லது உடம்புக்கு அதுவே இதமாக இருப்பதால். இதைக் கேட்டதிலிருந்து என் கதாபாத்திரங்களை எல்லாம் இந்த நான்கில் போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கைகேயியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் கிடக்கிறாள். தசரதர் வருகிறார், கெஞ்சுகிறார், வரம் தருகிறார். அந்த அந்தப்புரத்தில் ஒரு மூன்று பத்தி நோட்டு இருந்திருந்தால், அன்றைக்கு முன்பும் எத்தனை தடவை அவள் தரையில் கிடந்தாள், எத்தனை தடவை ராஜா கொடுத்தார் என்று பார்த்திருக்கலாம்.

அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "தம்பி, நான்தானே புள்ளைக்குக் கத்துக் குடுத்திருக்கேன். முட்டிக்கிட்டா பிஸ்கட்டுன்னு நான்தானே பழக்கி வச்சிருக்கேன்" என்று தூணில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? மறுவாரம் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பாட்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்க சார்" என்றாள். போட்டுப் பார்த்தேன். முன்னால்: குழந்தை தலையை மோதுகிறது, நெஞ்சு பதறுகிறது. நடுவில்: பாட்டி பிஸ்கட் கொடுக்கிறாள். பின்னால்: சத்தம் நிற்கிறது. அந்த நிற்றல்தான் பாட்டிக்குக் கிடைக்கிற கூலி. குழந்தை பாட்டியைப் பழக்கியிருக்கிறது. பாட்டி குழந்தையைப் பழக்கியிருக்கிறாள். யாருடைய குற்றமும் இல்லை. நல்லது ஒன்று வந்து சேருவதால் ஒரு பழக்கம் பலப்பட்டால் நேர் வலுவூட்டல். கெட்டது ஒன்று விலகுவதால் பலப்பட்டால் எதிர் வலுவூட்டல். இந்த இரண்டாவதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் படித்தவர்களிலேயே அதிகம். தண்டனை என்றால் அவர்கள் பாஷையில் வேறு: பின்னால் வருவது எதுவானாலும், அதனால் நடத்தை குறைந்தால்தான் அது தண்டனை.

நான் படித்த பள்ளியில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கதை எழுதியதற்காக ஒரு வாத்தியார் என்னை வாரம் இரண்டு தடவை பெஞ்சுமேல் ஏற்றிப் பிரம்பால் அடிப்பார். வகுப்பு முழுக்க என்னையே பார்க்கும். கதையை அவரே உரக்கப் படித்தும் காட்டுவார். இந்த சாஸ்திரப்படி அவர் கொடுத்தது தண்டனையே அல்லவாம். விளைவை நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பிஸ்கட்டை நிறுத்திவிடுவது என்று அக்கா தானாகவே முடிவு கட்டினாள். அந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "வேற வழி கத்துக் குடுக்காம இருக்கிற வழியை மட்டும் அடைக்கக் கூடாது பாட்டிம்மா" என்றாள். அக்கா கேட்கவில்லை. கூலி நின்றுபோனால் பழக்கம் அணையும் என்பது உண்மைதான்; ஆனால் அணைவதற்குமுன் விளக்கு ஒருதரம் தூக்கி எரியும். முதல் நாள் நான்கு தடவை மோதினான். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அத்தான் என்னைப் பார்த்துக் கத்தினார். அக்கா கடைக்கு ஓடி, ஒன்றுக்கு இரண்டு பாக்கெட்டாக வாங்கிவந்து கொடுத்தாள்.

இது ஒன்றும் கொடுக்காமல் இருந்ததைவிட மோசம், தினம் கொடுத்ததைவிடவும் மோசம் என்பதை விளக்க அந்தப் பெண் கொட்டகையைக் காட்டினாள். "அங்க கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. உடைச்சா உண்டு, உடைக்காட்டி இல்ல. கூலி நின்னா நாலு நாள்ல வேலைக்கு வரமாட்டாங்க. ஆனா லாட்டரிச் சீட்டு?" எனக்கு உடனே புரிந்தது. எப்போது விழும் என்று தெரியாது; விழாமலேயும் போகாது. அந்த ஒரு நப்பாசையில் எங்கள் தெருவில் ஒரு டெய்லர் மிஷினையே விற்றுச் சீட்டு வாங்கினார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடைசெய்த பிறகுதான் அந்தக் குடும்பம் மூச்சுவிட்டது. அக்கா மூன்று நாள் மறுத்து ஒரு நாள் கொடுத்ததில், பேரனுக்கு ஒரு லாட்டரிச் சீட்டு விற்றுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் நெற்றிக் காயத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். மோதும்போது அடியில் தலையணையை நகர்த்துங்கள், திட்டாதீர்கள், கொஞ்சாதீர்கள். காயம் படுகிற குழந்தையை வேடிக்கை பார்ப்பதற்கு எந்த சாஸ்திரத்திலும் இடமில்லை. அவனுக்கு ஒரு வார்த்தை கொடுக்கவேண்டும். 1985இல் கார், டுராண்ட் என்ற இருவர் காட்டிய வழி இது: மோதலால் கிடைப்பதையே, மோதலைவிடச் சுலபமான ஒன்றால் கிடைக்கும்படி செய்துவிட்டால் மோதலுக்கு வேலையில்லை. சாயங்காலத்துக்கு ஓர் அட்டை. அதில் ஏந்திய கை படம். காலைக்குக் காதைத் தொட்டுக் காட்டுவது.

முதலில் அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்கவைத்து என் கையில் வைக்கச் செய்தோம். வைத்த உடனே பிஸ்கட். முழுப் பாக்கெட் இல்லை, கால் துண்டு. பிறகு மணிக்கட்டை மட்டும் பிடித்தோம். பிறகு முழங்கையைத் தொட்டோம். பிறகு தொடுவதுபோல் விரலை நீட்டினோம். சைக்கிள் கற்றுக்கொடுக்கிறவன், பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே சீட்டை விட்டுவிடுவதில்லையா, அதேதான். பதினேழாம் நாள் நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ விழுந்தது. அட்டை. எதிரில் அவன் நிற்கிறான்; என்னைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்க்கிறான். அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. நோட்டில் முன், நடு, பின் மூன்றும் தப்பில்லாமல் எழுதிவிட்டு, நாலாவதாக ஒரு பத்தி இல்லையே என்று உட்கார்ந்திருந்தேன். மருமகள் ஓடிவந்து, "என்னா மாமா, ஏன் அழுவறீங்க?" என்றாள். அதற்கும் கண்ணால் பார்த்த அத்தாட்சி இருந்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் இந்த சாஸ்திரத்துக்கு நான் பிரசாரம் செய்வதாகப்படும். அந்தப் பெண் வருவதற்கு முந்திய வருஷம், வேறொரு ஊரில், இதே சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் இடத்தில் குழந்தையைச் சேர்த்திருந்தார்கள். அங்கே மோவாயை இறுக்கிப் பிடித்து, "என் கண்ணைப் பார்" என்பார்களாம். பார்க்கிறவரைக்கும் தின்பண்டத்தைக் காட்டிக் காட்டி எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு மாதத்தில் அந்தத் தெருமுனை வந்தாலே குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தது. சரித்திரத்திலும் இந்தக் கறை உண்டு. கலிஃபோர்னியாவில் லோவாஸ் என்பவர் இப்படிப்பட்ட குழந்தைகளை அறைந்தும், மின்சார அதிர்ச்சி கொடுத்தும் பழக்கியதை 1965இல் 'லைஃப்' பத்திரிகை படங்களோடு வெளியிட்டது. அவரே 1987இல், தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளியில் தேறிவிட்டதாக எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசக்காரர்கள் பலர், எங்களை நாங்களாக இருக்கவிடாமல் நடிக்கப் பழக்கினார்கள் என்று எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவளிடம் இதை நேருக்கு நேர் கேட்டேன். கொட்டைகளை வரிசை வைக்கிறானே, அதையும் ஒருநாள் நிறுத்திவிடுவாயா என்றேன்.

"அதனால யாருக்கு என்ன நஷ்டம் சார்? கண்ணைப் பாக்க வைக்கிறது யாருக்காக? அவனுக்காகவா, நமக்காகவா? தலை மோதறது அவனுக்கு வலிக்குது. பசிக்குதுன்னு சொல்லத் தெரியாதது அவனுக்குக் கஷ்டம். இந்த ரெண்டும்தான் என் வேலை."

1968இல் அந்த மூவர் வைத்த முதல் நிபந்தனை இதுதானே! ஒரே கத்தரிக்கோல்தான், யார் கையில் இருக்கிறது, எதை வெட்ட எடுக்கிறார்கள் என்பதில் எல்லாம் போய் முடிகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு முள் நெருடிக்கொண்டே இருந்தது. இது செய்தால் இது என்று குழந்தையிடம் எத்தனை நாள் வியாபாரம் பேசுவது? காமராஜர் 1956இல் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்தபோது, சோற்றுக்காக வந்த பிள்ளைகள் எழுத்தும் கற்றார்கள். அவர் ஸ்கின்னரைப் படித்துவிட்டா செய்தார்? பசித்த பிள்ளை படிக்காது என்றுதான் செய்தார். காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் போனால், நெய்வேலி ஆர்ச்சு கேட்டைத் தாண்டி வருகிற வடலூரில், ராமலிங்க அடிகள் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. யார், என்ன சாதி, என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவளை மடக்கினேன்.

"அதுக்கும் எங்ககிட்ட ஒரு இடம் இருக்கு சார்" என்றாள். நிபந்தனையில்லாமல், நடத்தையைப் பார்க்காமல், நேரத்துக்கு நேரம் கொடுத்துக்கொண்டே இருப்பதும் ஒரு முறைதானாம். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதைப்பு போய்விட்டால் மோதவேண்டிய அவசியமே குறைந்துவிடும். அன்று முதல் அக்காவுக்குப் புதிய உத்தரவு: சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடைக்குப் போவதற்கு முன்பே, வீட்டிலேயே, ஒன்றும் கேட்காமல் இரண்டு பிஸ்கட். அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பேரனுக்குக் கொடுக்க ஒருத்தி அனுமதி கொடுத்துவிட்டாள் என்பதில் அவளுக்கு உண்டான நிம்மதியை, மன்னிக்கவேண்டும், நிம்மதி என்றே எழுதிவிடுகிறேன்.

காலைக்காகக் கொட்டகையில் வேலை ஆரம்பிக்கும் முன் அவனை வாசல் திண்ணைக்கு மாற்றினோம். சத்தம் அதிகமானால் காதைத் தொடுவான். யாராவது தெருக்கோடி வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போவோம். நான் கிளம்புகிற வாரத்தில் நோட்டில் இருந்தது ஐந்து தடவை. அதில் இரண்டு, பிடிபடாத ரகத்தைச் சேர்ந்தது. அது இன்னும் பிடிபடவில்லை. தொடர்கதை ஓர் அத்தியாயம்கூட நகரவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் எல்லோருமாக வடலூருக்குப் போனோம். கூட்டம் அதிகமில்லை. தருமசாலையில் பந்திக்கு உட்கார்ந்தோம். குழந்தை அக்காவுக்கும் எனக்கும் நடுவில். சோறு வந்தது, குழம்பு வந்தது. அவன் கவனமாக, சோற்றை ஒரு பக்கமும் பொரியலை ஒரு பக்கமும் ஒதுக்கிச் சாப்பிட்டான். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு மறுபடி அந்த வரிசையில் வந்தார். வயதானவர். எங்களைத் தாண்டி இரண்டடி போயிருப்பார். குழந்தை சட்டைப்பையில் கையை விட்டு அட்டையை எடுத்தான். அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் இருவரில் ஒருவர் கையில்தான் வைப்பான் என்று நினைத்தோம். அவன் எழுந்து போய், பெரியவரின் வேட்டி மடிப்பில் அதை ஒட்டிவைப்பதுபோல் அழுத்தினான்.

பெரியவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "என்னா கண்ணு இது?" என்றார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவர் அட்டையை மடியில் செருகிக்கொண்டு, இரண்டடி திரும்பி வந்து, இலையில் ஒரு கரண்டி சோறு வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொன்றும் வைத்தார்.